பராக்குப் பார்த்தலும் பராக்குக் காட்டுதலும்



இந்த முறை வேதபாடத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்திருக்கிறேன். இது வேதாகமத்திலிருந்து எடுத்த சொல் அல்ல, நம்முடைய வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்த சொல். உபவாச ஜெபத்தில் ஒருநாள், "பிள்ளைகளே, பராக்குப் பார்க்காமல் ஜெபியுங்கள்" என்று சொன்னேன். கூட்டம் முடிந்தவுடன் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி வந்து, "அண்ணே, பராக்குன்னா என்ன? பைபிள்ல பராக்கிரமம்னு வருதே, அதுவா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த வயதான தாயார் சிரித்துவிட்டார்கள். எனக்கோ அது நல்ல கேள்வியாகவே பட்டது. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வசனங்களை நீங்களே எடுத்துப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டியதில்லை. பையனைக் கடைக்கு அனுப்பும்போது, "பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காம சட்டுன்னு வந்து சேரு" என்று அம்மா சொல்லுவாள். போகிற வழியில் குரங்காட்டி வித்தை காட்டுவான். அல்லது ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். பையன் நின்றுவிடுவான். கையில் காசு இருக்கிறது, வாங்கவேண்டியது என்ன என்பதும் தெரியும், கால் மட்டும் நகராது. அதுதான் பராக்கு. இலங்கைத் தமிழர்கள் இதையே "பிராக்கு" என்பார்கள். சொல் அதே சொல்தான்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்கவேண்டும். பராக்கு என்றால் கவனமே இல்லாமல் போவதல்ல. குரங்காட்டியைப் பார்க்கிற பையனுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது, இமைகூடக் கொட்டாமல் பார்க்கிறான். ஆனால் அந்தக் கவனம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆகையால் தூக்கத்தையும் பராக்கையும் ஒன்றாக்கக்கூடாது. துரோவா பட்டணத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்து மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகு என்னும் வாலிபன் (அப்போஸ்தலர் 20:7-12) பராக்குப் பார்த்தவன் அல்ல. நடுராத்திரி மட்டும் பிரசங்கம் நீண்டது, அறையிலே அநேக விளக்குகள் எரிந்தன, பாவம், தூங்கிப்போனான். பவுலும் அவனைக் கண்டிக்கவில்லை, இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார். (நீளமாய்ப் பிரசங்கிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் அந்தப் பகுதியில் ஒரு பாடம் இருக்கிறது. அதை வேறொரு நாள் பார்ப்போம்.)

அகராதி என்ன சொல்லுகிறது? 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாய் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்துப் பாருங்கள். பராக்கு என்பதற்குக் கவனமின்மை என்றும் பொருள் இருக்கிறது. கவனியுங்கள் என்று கூவுகிற சத்தம் என்றும் பொருள் இருக்கிறது. ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று எதிரான ரெண்டு அர்த்தம்! ரெண்டாவது அர்த்தமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ராஜா கொலுமண்டபத்துக்குள் வரும்போது கட்டியக்காரன் முன்னே நின்று பட்டப்பெயர்களையெல்லாம் அடுக்கிச் சொல்லி, கடைசியில் "பராக்! பராக்!" என்று கூவுவான் அல்லவா? தெருக்கூத்திலும் பழைய ராஜா கதைப் படங்களிலும் கேட்டிருப்பீர்கள். தானியேல் 3:4-லும் ஒரு கட்டியக்காரன் வருகிறான், ஆனால் அவன் கூவினது பொற்சிலைக்கு முன்னால்.

சமஸ்கிருதத்தில் "பராக்" என்றால் அப்பால் திரும்பின, மறுபக்கமாய்த் திரும்பின என்று பொருள். பராமுகம் என்கிற சொல்லும் இதற்கு உறவுதான். பராமுகம் என்றால் முகத்தை அந்தப் பக்கமாய்த் திருப்பிக்கொள்ளுதல். கர்த்தர் நம்மைப் பராமுகம் பண்ணக்கூடாது என்று ஜெபத்தில் கேட்கிறோமே, அது இந்தச் சொல்தான். அப்படியானால் பராக்கு என்பதன் உள்ளே இருப்பது திரும்புதல். வேலையிலிருந்து குரங்காட்டியிடத்துக்கு முகம் திரும்பினால் அதுவும் பராக்கு. பேசிக்கொண்டிருக்கிற பேச்சை விட்டுவிட்டு ராஜாவினிடத்துக்கு முகத்தைத் திருப்பு என்று கட்டியக்காரன் கூவினால் அதுவும் பராக்கு. ரெண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் தங்கினது இதனால்தான் என்பது எனக்குத் தோன்றுகிற விளக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மோசேயினிடத்தில் இது வேண்டியதாயிருக்கும்.

அந்தத் தம்பி கேட்ட பராக்கிரமம் என்ன? அதிலும் அதே "பரா" முன்னால் நிற்கிறது. பின்னால் வருகிற "க்ரம" என்பது எட்டு வைத்து நடத்தல். முன்னே எட்டு வைத்துப் போகிறவன் பராக்கிரமசாலி. கிதியோனை தேவதூதன் அந்தப் பெயர் சொல்லித்தான் வாழ்த்தினான் (நியாயாதிபதிகள் 6:12). "பராக்கா, பராக்கிரமமா?" என்று கேட்டால் பிரசங்கத்துக்கு நல்ல தலைப்புதான், சபையும் ஆமென் போடும். ஆனாலும் ஓசையை வைத்து உபதேசம் கட்டுவதில் எனக்குப் பிரியமில்லை. கிதியோனுடைய 300 பேரைப் பற்றியும் இதையே சொல்லுகிறேன். 32,000 பேரில் 22,000 பேர் பயந்து திரும்பிப்போனார்கள். மீதி 10,000 பேரைத் தண்ணீரண்டையில் சோதித்தபோது, கையால் அள்ளி நக்கினவர்கள் 300 பேர். "அவர்கள் தலையை நிமிர்த்தி, பராக்குப் பார்க்காமல், சத்துருவைப் பார்த்தபடியே குடித்தார்கள்" என்று நாம் பிரசங்கிக்கிறோம். நியாயாதிபதிகள் 7-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஏன் அவர்களைத் தெரிந்துகொண்டார் என்பதற்கு அந்தக் காரணம் அங்கே எழுதப்படவில்லை. ஜனம் மிகுதியாயிருந்தால் தங்கள் கைதான் ரட்சித்தது என்று சொல்லிக்கொள்வார்கள், அதற்காகக் குறைத்தார் என்பதுதான் எழுதியிருக்கிற காரணம்.

இனி, பராக்குப் பார்க்கிறது ஒன்று, பராக்குக் காட்டுகிறது வேறொன்று. பார்க்கிறவன் ஏமாந்தவன். காட்டுகிறவனுக்கோ ஒரு நோக்கம் உண்டு.

தாய்மார்கள் பராக்குக் காட்டுவது அன்பினாலே. பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "அதோ பாரு காக்கா, அதோ பாரு நிலா" என்று காட்டினால் வாய் தானாய்த் திறக்கும், ஒரு கவளம் உள்ளே போகும். இப்போது காக்கையையும் நிலாவையும் தள்ளிவிட்டு செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதில் ஒரு வித்தியாசம் உண்டு, தாய்மார்களே. நிலாவைக் காட்டும்போது அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பக்கம் பார்ப்பார்கள். செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். சோறு இறங்குகிறது என்பது வாஸ்தவம்தான்.

திருடனும் பராக்குக் காட்டுவான். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் நம்முடைய முதுகில் எதையோ ஊற்றிவிட்டு, "அண்ணே, சட்டையில அசிங்கம் பட்டிருக்கு" என்று சொல்லுவான். பேங்க் வாசலில் பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டுவிட்டு, "சார், உங்க பணமா பாருங்க" என்பான். குனிந்து நிமிருவதற்குள் பை போய்விடும். பத்திரிகைக்காரர்கள் இதைக் "கவனத்தைத் திசைதிருப்பி" என்று நீளமாய் எழுதுகிறார்கள். நம்முடைய கிராமத்து ஜனங்கள், "பராக்குக் காட்டிட்டு அடிச்சிட்டுப் போயிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், திருடன் காட்டினது பொய் அல்ல. சட்டையில் அழுக்கு மெய்யாகவே இருந்தது. கீழே கிடந்த நோட்டும் மெய்யான நோட்டு. ஆனால் அவன் கண் அழுக்கிலும் இல்லை, நோட்டிலும் இல்லை.

ஏதேன் தோட்டத்திலே சர்ப்பம் செய்தது இந்த வேலைதான். புசிக்கலாம் என்று கர்த்தர் கொடுத்த விருட்சங்கள் தோட்டம் நிறைய இருந்தன. பேச்சை ஆரம்பித்தவிதத்திலேயே ஸ்திரீயின் கண்ணை விலக்கப்பட்ட அந்த ஒரே மரத்தின்மேல் நிறுத்திவிட்டது (ஆதியாகமம் 3:1-6).

பிரியமானவர்களே, பராக்கைப் பற்றி வேதாகமத்தில் எந்தப் பகுதி என்று என்னைக் கேட்டால், நான் முதலாவது 1 இராஜாக்கள் 20:35-43-ஐத்தான் காட்டுவேன். அதிகமாய்ப் பிரசங்கிக்கப்படாத பகுதி. சீரிய ராஜாவாகிய பெனாதாத் ஆப்பெக்கிலே தோற்று ஒளிந்துகொண்டான். அவனுடைய ஊழியக்காரர் இரட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் கயிறு சுற்றிக்கொண்டு வந்து ஆகாப்பிடம் கெஞ்சினார்கள். ஆகாப் அவனைச் சகோதரன் என்று சொல்லி, ரதத்தில் ஏற்றி, உடன்படிக்கை பண்ணி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு தீர்க்கதரிசி காயப்பட்டவனாய் வேஷம் மாறி, வழியிலே ராஜாவுக்காகக் காத்திருந்து ஒரு கதை சொல்லுகிறான். யுத்தத்தின் நடுவில் ஒருவன் ஒரு கைதியைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்புவித்தான். இவனைக் காத்துக்கொள், இவன் தப்பினால் இவன் உயிருக்கு ஈடாக உன் உயிர், அல்லது ஒரு தாலந்து வெள்ளி என்று சொன்னான். நான் அங்குமிங்கும் வேலையாயிருந்தேன், பார்த்தால் ஆள் இல்லை. இதுதான் கதை.

ஒரு தாலந்து வெள்ளி எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். யாத்திராகமம் 38:25-26-ல் வருகிற கணக்குப்படி 3,000 சேக்கல் ஒரு தாலந்து. இன்றைய எடையில் 30 கிலோவுக்கு மேல். ஒரு அடிமையை மாடு முட்டிக் கொன்றுபோட்டால் எஜமானுக்குக் கொடுக்கவேண்டியது 30 சேக்கல் (யாத்திராகமம் 21:32). அப்படியானால் ஒரு தாலந்து என்பது நூறு அடிமைகளின் கிரயம். சாதாரண போர்ச்சேவகன் எங்கே போய் அதைப் புரட்டுவான்? ஆகவே உயிர்தான் ஈடு என்று ஆரம்பத்திலேயே தெரிந்த காரியம்.

அவன் என்ன பாவம் செய்தான்? தூங்கினானா? இல்லை. கைதியினிடத்தில் லஞ்சம் வாங்கினானா? இல்லை. யுத்தகளத்தை விட்டு ஓடினானா? அதுவும் இல்லை. வேலையாயிருந்தேன் என்கிறான். எபிரெய மூலபாஷையிலே "இங்கேயும் இங்கேயும் செய்துகொண்டு" என்கிற கருத்தில் இருக்கிறது. யுத்தகளத்தில் செய்யவேண்டிய வேலைக்குப் பஞ்சமா? அம்பு பொறுக்கியிருப்பான், காயப்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பான். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் இந்த மனுஷனைப் பார்த்துக்கொள் என்று அவன் கையில் கொடுத்த வேலை அது அல்ல. கதையைக் கேட்ட ராஜா, நீயே உனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாய் என்று சொல்லிவிட்டான். அந்தத் தீர்ப்பு அவன் தலையின்மேலேயே திரும்பினது. சீரியரோடு பண்ணின அடுத்த யுத்தத்திலே, ராமோத்கீலேயாத்தில், ஆகாப் அம்பு பட்டுச் செத்தான் (1 இராஜாக்கள் 22).

இந்தப் பகுதியை நான் வாசிக்கிறபோதெல்லாம் எனக்குள் ஒரு நடுக்கம் வரும். பொருள் தொலைந்தால் தேடலாம். இங்கே தொலைந்தது ஒரு ஆள். நம்முடைய கையிலும் ஆட்களைத்தான் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசிவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்துக்கொள்ளுகிற மகன், கல்யாணமாகி வந்து ஆறு மாதமாய் வாய் திறந்து சிரிக்காத மருமகள், ஒரே கதையைப் பத்துத்தடவை சொல்லுகிற வயதான தகப்பனார். இவர்களெல்லாம் திடீரென்று ஒருநாளில் போகிறதில்லை. நாம் சபை வேலை, சங்க வேலை, வீட்டுக்கடன், போனில் வருகிற செய்தி என்று அங்குமிங்கும் இருக்கும்போது, பார்த்தால் ஆள் இல்லை. வீட்டில் இருப்பார்கள். ஆனாலும் இல்லை.

அடுத்ததாக மார்த்தாள் (லூக்கா 10:38-42). இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன். ஏனென்றால் இந்த வசனத்தை வைத்து நம்முடைய சகோதரிகளை அதிகமாய்க் கடிந்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

நம்முடைய தமிழ் வேதாகமத்தில், பற்பல வேலைகளினால் அவள் வருத்தமடைந்தாள் என்கிற விதமாய் வாசிக்கிறோம். கிரேக்கு மூலபாஷையில் அங்கே "பெரிஸ்பாவோ" என்கிற சொல் நிற்கிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த வினைச்சொல் இந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. "பெரி" என்றால் சுற்றிலும். "ஸ்பாவோ" என்றால் இழு, உருவு. கெத்செமனேயில் ஒருவன் பட்டயத்தை உருவினானே (மாற்கு 14:47), அங்கே வருகிறதும் இந்த ஸ்பாவோதான். ஆக, மார்த்தாளை நாலாபக்கமும் பிடித்து இழுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பு ஒரு பக்கம், தண்ணீர்க்குடம் ஒரு பக்கம், வந்திருக்கிற விருந்தாளிகள் ஒரு பக்கம். நம்முடைய பராக்குக்கு அப்படியே ஈடான சொல் இது. நம்முடைய சொல்லில் முகம் திரும்புகிறது, கிரேக்குச் சொல்லில் ஆளையே பிடித்து இழுக்கிறது. இதே சொல்லோடு இல்லை என்னும் பொருள் தருகிற "அ" சேர்ந்து "அபெரிஸ்பாஸ்தோஸ்" என்று 1 கொரிந்தியர் 7:35-ல் வருகிறது. இழுப்பு இல்லாமல் கர்த்தரோடு இருக்கிறதைப் பற்றி பவுல் அங்கே பேசுகிறார்.

மார்த்தாளை இழுத்தது எது? உலகமா? சினிமாவா? இல்லை. "தியாகோனியா". ஊழியம் என்றும் பணிவிடை என்றும் மொழிபெயர்க்கிற சொல் அது. நம்முடைய சபைகளில் உதவிக்காரர் என்று சொல்லுகிறோமே, அந்தப் பெயரும் இந்த வேரில் முளைத்ததுதான். அவளுடைய பராக்கு ஊழியத்தின் உள்ளேயே இருந்தது.

ஒரு உபவாச ஜெபத்தில் இந்தப் பகுதியை நான் போதித்து முடித்தபோது, சமையல் கட்டிலிருந்து ஒரு சகோதரி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். "ஐயா, நானும் மரியாள் மாதிரி உக்காந்துடறேன். மத்தியானம் 150 பேருக்கு யாரு வடிச்சுக் கொட்டறது? எனக்கு எல்லாப் பிரசங்கமும் ஸ்பீக்கர்ல பாதி, குக்கர் விசில்ல பாதி" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சகோதரி மாத்திரம் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாய் அந்த அடுப்பண்டையில் நிற்கிறவர்கள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லுகிறேன். கர்த்தர் மார்த்தாளைச் சமைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஐந்து வசனங்களையும் திரும்பத் திரும்ப வாசியுங்கள், அப்படி ஒரு வார்த்தை அதில் இல்லை. அவள் வந்து பேசின பிறகுதான் அவர் பேசினார். அவள் பேசினது என்ன? தங்கை தன்னைத் தனியே விட்டுவிட்டாள், ஆண்டவருக்கும் அதைப் பற்றி அக்கறை இல்லை என்பது. கண் அடுப்பிலும் இல்லை, ஆண்டவரிடத்திலும் இல்லை, தங்கையின்மேல் போய்விட்டது. கை வேலை செய்யும்போது மனசு அடுத்த ஆளை அளக்க ஆரம்பித்தது. அங்கேதான் பராக்கு. அவரும் அவளைப் பெயர் சொல்லி ரெண்டுதரம் கூப்பிட்டார். கோபித்துக்கொண்டு கூப்பிடுகிற விதம் அல்ல அது.

இதே மார்த்தாள்தான் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில், அவர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் (யோவான் 11:27). பேதுரு பண்ணின அறிக்கைக்கு அது எந்தவிதத்திலும் குறைந்ததல்ல. அதற்குப் பிறகு பெத்தானியாவில் நடந்த விருந்திலும் அவள் பணிவிடை செய்தாள் என்று யோவான் 12:2 சொல்லுகிறது. மறுபடியும் அதே வேலை. ஆனால் அன்றைக்கு முறுமுறுத்தவன் யூதாஸ், மார்த்தாள் அல்ல. மார்த்தாளைப்போல் இராதே என்று பிரசங்கிக்கிறவர்கள் யோவான் 12-ஐயும் சேர்த்துப் பிரசங்கித்தால் நன்றாயிருக்கும்.

ஆனாலும் அந்தச் சகோதரியின் கேள்விக்கு வசன விளக்கம் மாத்திரம் போதாது என்று எனக்குப் பட்டது. பிரசங்கத்தைக் கேட்டு ஆமென் சொல்லுகிற நாமே அவர்களை நாலாபக்கமும் இழுக்கிறவர்களாயிருக்கக்கூடாது அல்லவா? பாஸ்டர் ஐயாவோடும் மூப்பர்களோடும் பேசினோம். உபவாச ஜெபத்துக்குப் பிறகு பிரியாணி வேண்டாம், கஞ்சியும் துவையலும் போதும் என்று தீர்மானமாயிற்று. அதையும் காலையிலேயே வைத்து இறக்கிவிட்டு, செய்தி நேரத்தில் அடுப்பை அணைத்துவிடவேண்டும். பரிமாறுகிறதும் பாத்திரம் தேய்க்கிறதும் சகோதரர்கள் முறை போட்டுச் செய்கிறது. முதல் மாதம் ரெண்டு சகோதரர் மெதுவாய்ப் பின்வாசல் வழியாய்ப் போய்விட்டார்கள். இப்போது பரவாயில்லை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று மட்டும் தாய்மார்கள் சொல்லுகிறார்கள்.

பேதுரு கடலின்மேல் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பகுதி (மத்தேயு 14:28-31), ஆகையால் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பராக்குக் காட்டினது காற்று. அந்தக் காற்று அவன் படகை விட்டு இறங்குமுன்னே இருந்த காற்றுதான், புதிதாய் அடிக்கவில்லை. அவன் சந்தேகப்பட்டதைக் குறித்து ஆண்டவர் கேட்கிற இடத்தில் "திஸ்தாட்ஸோ" என்கிற கிரேக்குச் சொல் இருக்கிறது. ரெண்டு என்கிற எண் அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. ரெண்டு பக்கமாய் நிற்கிறது என்று கருத்து.

அப்படியானால் வலது இடது பார்க்காமல் ஒரே குறியாய் ஓடினால் போதுமா? போதும் என்றுதான் நாம் வழக்கமாய்ச் சொல்லுகிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை, ஆசகேல் என்கிற வாலிபனே அதற்குக் காரணம். 2 சாமுவேல் 2:18-23 வாசியுங்கள். யோவாபின் தம்பி, வெளிமானைப்போல் கால் வேகமுள்ளவன். அப்னேரைத் துரத்தினான், வலதுபுறமும் இடதுபுறமும் திரும்பவேயில்லை. அப்னேர் ரெண்டுதரம் அவனை எச்சரித்தான். வேறொருவனைப் பிடித்துக்கொள், என்னை விட்டு விலகு, உன்னைக் கொன்றுவிட்டு உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றான். கேட்கவில்லை. அப்னேர் ஈட்டியின் பின்முனையாலே குத்தினான், அந்த இடத்திலேயே ஆசகேல் செத்தான். அவனிடத்தில் பராக்கு கொஞ்சமும் இல்லை, ஆனாலும் செத்தான். அவன் துரத்தினது தேவன் துரத்தச்சொன்ன ஆளை அல்ல. காலின் வேகத்தைக் காட்டிக்கொள்ள ஒரு பேர்பெற்ற சேனாபதி அகப்பட்டான், அதைத்தான் துரத்தினான் என்று நினைக்கிறேன். வாலிபர்களே, இதை நீங்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஒரே வெறியாய் மார்க்கு, ஒரே வெறியாய் வேலை, வெளிநாடு என்று ஓடுகிறவனைப் பார்த்து, "பையன் பராக்கே பாக்கமாட்டான்" என்று ஊரே மெச்சும்.

எபிரெய பாஷையில் "சூர்" என்று ஒரு சொல் உண்டு. விலகு, ஒதுங்கு, வழியை விட்டுத் திரும்பு என்று பொருள். யோசுவா 1:7-ல் நியாயப்பிரமாணத்தை விட்டு வலது இடது புறம் சூர் ஆகாதே என்று கட்டளை. ஆசகேலுக்கு அப்னேர் சொன்னதும் சூர், ஆசகேல் செய்யமாட்டேன் என்றதும் சூர். ஆக, ஒரு இடத்தில் விலகாமலிருப்பது கீழ்ப்படிதல், இன்னொரு இடத்தில் விலகாமலிருப்பது மரணம்.

அதே சூர் என்கிற சொல் இன்னொரு இடத்திலும் வருகிறது. அதைக் கண்டபோது நான் எழுந்து நின்று ஸ்தோத்திரம் பண்ணினேன். மோசே தன் மாமனாகிய எத்திரோவின் ஆடுகளை வனாந்தரத்தின் பின்புறத்திலே ஓட்டிக்கொண்டு போகிறான். முட்செடி ஒன்று எரிகிறது, வெந்துபோகவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்ப்பேன் என்கிறான் (யாத்திராகமம் 3:3). அங்கே மூலபாஷையில் இருப்பது சூர். போகிற வழியை விட்டு விலகிப்போய்ப் பார்க்கிறேன் என்கிறான். ஆடு மேய்க்கிறவனுக்கு அது சுத்தமான பராக்கு! ஆடுகளை விட்டுவிட்டு, எரிகிற செடியை வேடிக்கை பார்க்கப் போகிறான். நம்முடைய அம்மா அங்கே இருந்திருந்தால் அதட்டியிருப்பாள்.

ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். அவன் பார்க்கும்படி விலகி வருகிறதைக் கர்த்தர் கண்டார், அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார். மூன்றாம் வசனத்தில் வந்த சூர் நாலாம் வசனத்திலும் வருகிறது. செடியோ அவன் திரும்புமுன்னேயே எரிந்துகொண்டிருந்தது. கட்டியக்காரன் கூவுகிற பராக் இதுதான். இருக்கிற பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பு, ராஜா வந்திருக்கிறார். திருடன் காட்டுகிற பராக்கில் நம்முடைய பை போய்விடும். கர்த்தர் காட்டின இந்தப் பராக்கில் மோசேயின் செருப்பு மாத்திரம் கழன்றது.

"அண்ணே, அப்போ ஜெபத்துல எனக்கு வேற நினைப்பு வந்தா அது எந்தப் பராக்குன்னு எப்படித் தெரியும்?" என்று அந்தத் தம்பி கேட்டான். மின்சாரக் கட்டணம் கட்டவில்லை என்கிற நினைப்பு வந்தால், ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்பு என்றேன். ஒரு ஆளின் முகம் நினைப்பில் வந்தால் அவசரப்பட்டுத் தள்ளாதே, அந்த ஆளுக்காக அங்கேயே ஜெபித்துவிடு, முடிந்தால் அன்றைக்கே போய்ப் பார் என்றேன். காகிதம் வேண்டும், செல்போனில் குறிக்காதே என்றும் சொன்னேன். அதை எடுத்தால் அப்புறம் ஜெபத்துக்குத் திரும்பி வருகிறது கஷ்டம்.

மோசே விட்டுவிட்டுப் போன அந்த ஆடுகள் என்ன ஆயிற்று என்று வேதாகமத்தில் சொல்லவில்லை. ஆனால் யாத்திராகமம் 4:18-ஐப் பாருங்கள். தேவனுடைய சத்தத்தை நேருக்கு நேராய்க் கேட்ட பிறகும், அவன் நேரே எகிப்துக்குப் போகவில்லை. ஆடுகளைத் தன் கையில் ஒப்புவித்த மாமனாரிடத்துக்குத் திரும்பிப்போய், அவரிடம் உத்தரவு கேட்டு, அவர் சமாதானத்தோடே போ என்று சொன்ன பிறகே புறப்பட்டான்.